செப்டிக் டேங்குக்குக் கழுத்தும் மூடியும்: ஓர் எளிய விளக்கம்

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அந்த டைல்ஸுக்குக் கீழேதான் எங்கேயோ" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் பதில். அதன் மூடி எங்கே என்று கேட்டால் அந்தப் பதிலும் வராது. டேங்கைப் புதைத்து, மேலே மண் போட்டு, பேவர் பிளாக் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். திறக்க முடிந்தால் வாடை வரும், பெரிதாகக் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை, நிரம்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நம்பிக்கைகள் ஊர் முழுக்க உண்டு. மூன்றுமே தவறு. தரைமட்டத்தில் திறக்கக்கூடிய மூடி இல்லாத டேங்கைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாது. ஸ்லாபை உடைக்க வேண்டிவரும், கடைசியில் ஒரு மனிதரை உள்ளே இறக்கும் நிலைமையும் வரும். டேங்கின் வாயைத் தரைமட்டம் வரை ஒரு கழுத்துபோல உயர்த்தி மூடி போட்டால் அதைத் தடுக்கலாம். அதற்கு ஒன்றிரண்டு சிமென்ட் உறை, ஒரு மூட்டை சிமென்ட், நல்ல மூடி ஒன்று, பத்து நாள் பொறுமை போதும்.

டேங்குக்குள் என்ன நடக்கிறது

ரசத்தை இறக்கி அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும், நடுவில் தெளிவு நிற்கும், தாளித்த நெய் மேலே மிதக்கும். கழிப்பறையிலிருந்து வரும் கழிவும் டேங்குக்குள் இப்படித்தான் பிரிகிறது. அடியில் தங்குவதைக் கசடு என்போம். மேலே மிதக்கும் எண்ணெயும் சோப்பு நுரையும் லேசான கழிவும் சேர்ந்த படலத்தை ஏடு என்போம். நடுவில் இருப்பது தெளிநீர். அது மட்டும்தான் வெளியேறும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்கு, அதாவது சோக் பிட்டுக்குப் போக வேண்டும்.

காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கசடின் ஒரு பகுதியைத் தின்று குறைக்கின்றன. முழுவதையும் அல்ல. மிச்சம் வருடாவருடம் உயர்ந்துகொண்டே போகும்.

"டேங்க் நிரம்பிவிட்டது" என்ற பேச்சு இங்கேதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. புழக்கத்துக்கு வந்த சில வாரங்களிலேயே டேங்க் வெளியேறும் குழாயின் மட்டம் வரை நிரம்பிவிடும். அதன்பிறகு எப்போதும் நிரம்பியே இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். மாறுவது உள்ளே இருக்கும் கசடின் உயரம்தான். கசடு ஏற ஏறத் தெளிநீருக்கு இடம் குறைகிறது. வந்த கழிவு அடங்கிப் படிய நேரம் கிடைக்காமல் கலங்கலாகவே சோக் பிட்டுக்குப் போகிறது. மண்ணின் துளைகள் அடைபடுகின்றன. கழிப்பறைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போதுதான் வீட்டுக்காரர் விழிக்கிறார். அதற்குள் சோக் பிட் பாழாகியிருக்கும். டேங்கைக் காலி செய்யலாம், அடைபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய வழியில்லை.

அதனால்தான் 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்க வேண்டுமானால் திறக்க வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும். கவனிக்க வேண்டியது கசடின் உயரம். அதை அளக்கவும் எடுக்கவும் ஒரு வாய் வேண்டும்.

மூடி ஏன் புதைந்து போகிறது

கட்டும்போது பெரும்பாலான டேங்குகளுக்கு மூடி இருந்திருக்கும். பிறகு தெருவில் பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போடுகிறார்கள். சாலை உயர்ந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்குள் வருகிறது. உடனே வீட்டுக்காரர் காம்பவுண்டுக்குள் மண் அடித்து மேடாக்குகிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூடி ஒன்றரை அடி கீழே போய்விடும்.

லாரிக்காரர் வந்தால் மூடியைத் தேடித் தோண்டுவதற்குப் பதிலாகக் குழாய் நுழையும் அளவுக்கு ஸ்லாபில் ஓட்டை போடச் சொல்வார்கள். அந்தச் சின்ன ஓட்டையில் குழாயை மூலைக்கு மூலை நகர்த்த முடியாது. அது இழுப்பது பெரும்பாலும் தண்ணீரை. அடியில் இறுகிய கசடு அப்படியே கிடக்கும். பணம் கொடுத்த ஆறாவது மாதத்தில் அதே தொல்லை திரும்பும். அப்போதுதான் "ஒரு ஆள் இறங்கினால் சரியாகிவிடும்" என்ற பேச்சு எழும்.

இதற்கு மாற்று, டேங்கின் வாயிலிருந்து தரைமட்டம் வரை ஒரு கழுத்து எழுப்பி, அதன் உச்சியில் மூடி போடுவது. ரைசர் என்று சொல்லப்படுவது இந்தக் கழுத்துதான். அமெரிக்காவில் இதற்கென்றே பிளாஸ்டிக் வளையங்கள் விற்கிறார்கள். டேங்கின் மேல் பசைநாடா ஒட்டி, போல்ட் முடுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். நம் ஊரில் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் பயன்படும் சிமென்ட் உறையே இந்த வேலையைச் செய்யும்.

உள்ளே இருக்கும் வாயு

வேலையைத் தொடங்கும் முன் இந்தப் பகுதியைக் கொத்தனாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கசடு அழுகும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை உண்டாகின்றன. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை வாடை. ஆனால் அந்த வாடையை நம்பக் கூடாது. காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். "வாடை நின்றுவிட்டது, இறங்கலாம்" என்று சொல்லும் நேரம் உயிர் போகும் நேரமாக இருக்கலாம். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார், அவருக்குப் பின் மூன்றாமவர். செய்திகளில் ஒரே டேங்கில் இரண்டு, மூன்று பேர் இறந்ததாக வருவது இப்படித்தான். யாராவது விழுந்துவிட்டால் இறங்காதீர்கள். 101, 108 எண்களை அழையுங்கள்.

டேங்கை இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்பதும் பொய்நம்பிக்கை. காலி செய்த டேங்கில்கூட அடிக்கசடைக் கிளறினால் அதில் அடைந்திருந்த வாயு மொத்தமாக வெளியே வரும்.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம். முதல்முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. இனி சொல்லப்போகும் வேலையில் ஒரு படியில்கூட யாரும் டேங்குக்குள் தலையை நுழைக்க வேண்டியதில்லை.

முதலில் ஸ்லாபைப் பாருங்கள்

டேங்க் எங்கே என்று தெரியாவிட்டால், கழிப்பறைக் குழாய் வெளிச்சுவரைத் தாண்டும் இடத்திலிருந்து காற்றுக் குழாய் நிற்கும் இடம் வரை கடப்பாரையால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றிடத்தின் மேல் சத்தம் மாறும். டேங்க் இரண்டு அறையாக இருந்தால் ஒவ்வோர் அறைக்கும் தனி வாய் இருக்கும். இரண்டையும் கண்டுபிடித்தே ஆக வேண்டும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கத்து வாயிலிருந்து எடுக்க முடியாது. முதல் அறை பெரியது, கசடில் பெரும்பகுதி அங்கேதான் சேரும். சோக் பிட்டைக் காப்பாற்றுவது இரண்டாவது அறை. ஒன்றுக்கு மட்டும் கழுத்து வைத்துவிட்டு நிறுத்துவது பாதி வேலை.

மண்ணை அகற்றியதும் லாரியை வரவழைத்துக் காலி செய்துவிடுங்கள். கழிவு அகற்ற உரிமம் உள்ள லாரிதானா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. டேங்க் காலியாகும்வரையிலும் அதன்பிறகும் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி, கட்டிங் மெஷின் எதுவும் கூடாது.

இனி ஸ்லாபின் அடிப்பக்கம். பலர் பார்க்காமல் விடும் இடம் இது, கழுத்து கட்டியதும் ஆபத்தாக மாறும் இடமும் இதுவே. தண்ணீர் மட்டத்துக்கு மேல் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடை ஈரக் கான்கிரீட்டில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டை மாவாக்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மேலே பார்த்தால் ஸ்லாப் புதிதுபோல இருக்கும், கீழே கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். வாயைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டபின், போனை நீளக் குச்சியில் கட்டி விளக்கைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். கம்பி வெளியே தெரிந்தாலோ சுத்தியால் தட்டும்போது சொத்தைச் சத்தம் கேட்டாலோ அந்த ஸ்லாபின் மேல் எதையும் ஏற்றாதீர்கள், நிற்கவும் செய்யாதீர்கள். அதற்குப் புது ஸ்லாப்தான் தேவை.

நல்ல ஸ்லாபுக்கும் எல்லை உண்டு. ஒரு அடி ஆழ மண் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ எடை. ஏற்கெனவே மேடாக்கிய மண்ணின் பாரத்தை அந்த ஸ்லாப் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

உறையா, செங்கலா

கொத்தனார்கள் பொதுவாகச் செங்கல் கட்டத்தான் சொல்வார்கள். 2 அடிக்கு 2 அடி உள்வாய், ஒன்றரை அடி உயரம், 9 அங்குலச் சுவர் என்றால் சுமார் 180 செங்கல் பிடிக்கும். அதன் எடை 650 கிலோவைத் தாண்டும். புது ஸ்லாபுக்குப் பரவாயில்லை, பழைய ஸ்லாபுக்கு இது அதிகம். எடையைக் குறைக்க நாலரை அங்குலச் சுவர் கட்டினால் ஓர் அடிக்கு மேல் எழுப்பாதீர்கள், பக்கத்து மண் தள்ளும். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் உள்ளேயும் வெளியேயும் 1:3 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) 12 எம்எம் பூச்சு கட்டாயம்.

இரண்டரை அடி விட்டமும் ஓர் அடி உயரமும் 2 அங்குலக் கனமும் உள்ள ஒரு சிமென்ட் உறை சுமார் 90 கிலோதான். இணைப்புகளும் குறைவு. அதனால் வீட்டு வேலைக்கு உறையே மேல்.

விட்டத்தைத் தேர்வு செய்யும்போது ஒரு கணக்கு. டேங்கின் வாய் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 24 அங்குலத்துக்கு 18 அங்குல வாய்க்கு மூலைவிட்டம் 30 அங்குலம், ஆகவே இரண்டரை அடி உறை. 2 அடி உறையை வைத்தால் நான்கு மூலைகளிலும் அது அந்தரத்தில் நிற்கும், அங்கேதான் பிறகு ஒழுகும்.

ரெடிமேட் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் டேங்க் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதன்மேல் உறையோ செங்கலோ வைக்கவே கூடாது, டேங்க் நசுங்கிவிடும். அதைச் செய்த நிறுவனத்தின் கழுத்துத் துண்டையே வாங்கிப் பொருத்த வேண்டும். மழைக்காலத்தில் அதைக் காலியாக விட்டால் நிலத்தடி நீர் மேலே தள்ளிவிடும். கசடை எடுத்த உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

சுருக்கமாக: ஸ்லாப் நன்றாக இருந்தால்தான் கழுத்து. இரண்டு அறைக்கும் தனித்தனிக் கழுத்து. பழைய ஸ்லாபுக்கு உறை.

வைக்கும் முறை

ஸ்லாப் 14 அங்குல ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடி தரையைவிட 3 அங்குலம் உயரமாக நிற்க வேண்டும். ஆக மொத்த உயரம் 17 அங்குலம்: கலவைப் படுகை 1, உறை 12, மேல் வளையம் 4. உங்கள் ஆழம் வேறாக இருந்தால் உறையின் எண்ணிக்கையாலும் வளையத்தின் கனத்தாலும் சரிசெய்யலாம். வெள்ளம் தேங்கும் பகுதி என்றால், தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டத்துக்கு மேலே மூடி வர வேண்டும்.

மேல் வளையத்தை முதலில் செய்துவிடுங்கள், ஏனென்றால் அது ஆற நாள் பிடிக்கும். தரையில் பாலித்தீன் விரித்து, 36 அங்குல வெளிவிட்டமும் 24 அங்குல உள்விட்டமும் 4 அங்குலக் கனமுமாக 1:1½:3 கான்கிரீட்டில் (சிமென்ட், மணல், ஜல்லி) வார்க்க வேண்டும். உள்ளே 8 எம்எம் கம்பி இரண்டு சுற்று. மூடியோடு வரும் சட்டத்தை அப்போதே அதில் பதித்துவிட வேண்டும். 7 நாள் தண்ணீர் ஊற்றுங்கள். இதைக் கழுத்தின் மேலேயே வார்க்கலாம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் அடைப்புப் பலகையைப் பிறகு டேங்குக்குள்ளிருந்து எடுக்க வேண்டிவரும். அந்த நிலைமையே வரக் கூடாது.

வைக்கும் நாளில், டேங்கின் வாயின் மேல் முதலில் ஒரு கனமான பிளைவுட் பலகையைப் போடுங்கள். கல்லோ கரண்டியோ காலோ உள்ளே போகாது. வாயைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு ஸ்லாபைக் கம்பி பிரஷால் தேய்த்து, பழைய கலவையையும் மண்ணையும் நீக்கி, உளியால் லேசாகக் கொத்துங்கள். வழவழப்பான பரப்பில் கலவை பிடிக்காது. நனைத்து, சிமென்ட் பால் அடித்து, வாட்டர் புரூஃப் கலந்த 1:3 கலவையை ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலாகவே வட்டமாகப் போட வேண்டும். உறையைக் கயிறு கட்டி இரண்டு அல்லது மூன்று பேர் தூக்கி நேராக இறக்குங்கள். கலவை இரண்டு பக்கமும் பிதுங்கினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இழுத்து நகர்த்தாதீர்கள், படுகை கிழிந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, வெளிப்பக்க மூலையில் கலவையைச் சரிவாகப் பூச வேண்டும். மேல் வளையத்தையும் இதே போலக் கலவைப் படுகையில் வைக்கலாம், அது மெல்லியதாக இருந்தால் போதும்.

மூன்று நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு சோதியுங்கள். வெளிப்பக்க இணைப்பைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று டார்ச் அடித்துக் கழுத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஈரக்கோடு இறங்கினால் இப்போதே அடையுங்கள். மண் மூடியபின் இந்த இணைப்பு வழியாக மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் டேங்குக்குள் போகும். "மழை பெய்தால் கழிப்பறை எதுக்களிக்கிறது, டேங்க் சின்னது" என்று புலம்பும் பல வீடுகளில் டேங்கின் அளவில் குறையே இல்லை. குறை இந்த ஓர் அங்குல இணைப்பில் இருக்கும்.

ஒழுகல் இல்லை என்று தெரிந்ததும் வெளிப்பக்கம் காயவிட்டு பிட்டுமென் பெயின்ட் இரண்டு கோட். பிறகு மண்ணை அரை அடி அரை அடியாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் போட்டு, கையால் குத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் மொத்தமாகத் தள்ளினால் உறை நகரும். ஸ்லாபின் மேல் இயந்திரத்தால் குத்தக் கூடாது. தரை மூடியிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும்.

எந்த மூடி

கம்பி நார் கலந்த கான்கிரீட் மூடிகள் சட்டத்தோடு கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் மேல் தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். நடைபாதைக்கும் தோட்டத்துக்கும் 2.5 டன் வகை போதும். கார் ஏறும் இடத்துக்கு 10 டன் வகை. ஆனால் மூடி தாங்குகிறது என்பதால் கீழே இருக்கும் ஸ்லாபும் தாங்கும் என்று பொருளல்ல. சாதாரண டேங்க் ஸ்லாபின் மேல் கார் நிறுத்தவே கூடாது.

ஃபைபர் மூடி லேசானது, தூக்க எளிது. அதே காரணத்தால் ஒரு குழந்தையும் தூக்கிவிடும். அதை வாங்கினால் சாவி போட்டு முடுக்கும் போல்ட் உள்ளதாகப் பாருங்கள். எந்த மூடியானாலும் கீழே இரண்டாவது தடுப்பாக, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் 4 அங்குல இடைவெளிக் கட்டத்தில் ஒரு வலைத்தட்டைக் கழுத்துக்குள் வைத்துவிடுங்கள். கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும். மூடி உடைந்தாலும் குழந்தை அதன்மேல் நிற்கும். சாதாரண இரும்பில் செய்தால் உள்ளே இருக்கும் வாயு அதை அரித்துவிடும்.

மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் தடவலாம். சிமென்ட் பூசி அடைக்காதீர்கள், அடுத்த முறை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். "இப்படி இறுக்கினால் வாயு எங்கே போகும்?" என்ற சந்தேகம் நியாயமானது. அது காற்றுக் குழாய் வழியாகப் போக வேண்டும். குறைந்தது 50 எம்எம் விட்டம், பக்கத்துக் கட்டடத்தின் உச்சியைவிட 2 மீட்டர் உயரம், வாயில் கொசுவலை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் நன்றாகப் பெருகும். மூடியின் ஓர் இடுக்கு போதும் அதற்கு.

தரை அழகு கெடுகிறது என்பவர்களுக்கு, டைல்ஸ் பதிக்கக் குழி உள்ள மூடிகள் இருக்கின்றன. மூடியின் மேல் டைல்ஸை ஒட்டி மறைப்பது வேறு, மூடிக்குள்ளேயே டைல்ஸ் பதிப்பது வேறு. இரண்டாவதில் டைல்ஸோடு மூடி எழும்பி வரும்.

கழுத்தின் உள்சுவரில் ஏறி இறங்கப் படிக்கம்பி அடிக்கலாமா என்று சில கொத்தனார்கள் கேட்பார்கள். வேண்டாம். படி இருந்தால் யாராவது இறங்குவார்கள்.

கசடை அளப்பது

கழுத்து வைத்தபின் வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். எட்டடிக் குச்சியின் அடியில் மூன்றடிக்கு ஒரு பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். கையுறை போட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, வாயின் மேல் குனியாமல், முதல் அறைக்குள் குச்சியை அடிவரை மெல்ல இறக்குங்கள். சில நிமிடம் அசைக்காமல் பிடித்துவிட்டு நேராக எடுத்தால், துண்டில் கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. அதற்கு மேல் துண்டு வெறும் அழுக்குத் தண்ணீரில் நனைந்ததாக இருக்கும், வித்தியாசம் நன்றாகத் தெரியும். டேங்கில் தண்ணீர் 4 அடி நிற்கிறது என்றால் கறை 16 அங்குலத்தைத் தொட்டதும் லாரியைக் கூப்பிடுங்கள். வந்தவுடன் இரண்டு மூடிகளையும் திறந்து காட்டி, இரண்டு அறையிலும் குழாய் அடிவரை போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.